‘சொந்தக் காரணங்களுக்காக’

ஒருவர் வேலையை விட்டு நின்றால் அவருடைய கடைசிக் காகிதம் என் மேஜைக்கு வந்துதான் போகும். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மணலி வரைக்கும் இருக்கிற சின்னச் சின்னக் கடைகள், பட்டறைகள், கோடவுன்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., சம்பளப் பதிவேடு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பி.எஃப். இணையதளத்தில் ஒருவர் நின்ற தேதியைப் போடும்போது காரணத்தையும் கேட்கும். ஓய்வு, மரணம், நிரந்தர ஊனம் என்று சில கட்டங்கள் உண்டு. மீதி எல்லாம் ‘செசேஷன், ஷார்ட் சர்வீஸ்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். துபாய்க்குப் போனவனும் அதில்தான், முதலாளியோடு சட்டையைப் பிடித்தவனும் அதில்தான், கல்யாணமாகிப் போன பெண்ணும் அதில்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் எம்.சி. ரோடு பக்கத்து மொத்த ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து அப்படி ஒரு காகிதம் வந்தது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ரூல் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ‘ஐயா, நான் என்னுடைய சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை.’ அத்தனையும் பச்சை மை. அந்தக் கடைக் கணக்கப்பிள்ளையின் சாய்ந்த எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், மாதாமாதம் வருகைப் பதிவேட்டில் பார்ப்பதுதானே. கடைசியில் கையெழுத்து மட்டும் நீல மை. ராஜினாமா செய்தவன் எழுதியது அந்தக் கையெழுத்து ஒன்றைத்தான்.

பில்லிங்கில் இருந்த பையன். வியாசர்பாடிக்காரன், நாலு வருஷ சர்வீஸ். தீபாவளி சீசனில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் கார்பன் தாள் வைத்துக் கையாலேயே பில் போட்டுக் கூட்டத்தைச் சமாளிப்பான் என்று முதலாளியே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பி.எஃப். கணக்கில் பேங்க் விவரம் ஏறவில்லை என்று என்னிடம் வந்தவன், காகிதத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “கேக்காதண்ணா, நானே சொல்றேன்” என்று சொன்னான். கூட வேலை செய்கிற ஒருவன் இவனுடைய போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். அதில் இவனும் இன்னொரு பையனும் இருக்கிற படம். படத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, பழவேற்காட்டில் படகில் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் காதலர்கள் என்பதைக் கீழே இருந்த மெசேஜ்கள்தான் சொல்லிவிட்டன. சாயங்காலத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவனுக்காகக் காத்திருந்தது பச்சை மைத் தாள்.

முதலாளி கெட்டவர் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. தெற்கத்திக்காரர், ஒரு கோடவுன் பையனாக மெட்ராஸுக்கு வந்து கடை போட்டவர். கொரோனா ஊரடங்கில் கடை மூடியிருந்த மாதங்களில்கூட அரைச் சம்பளம் கொடுத்தவர், அந்தப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. செட்டில்மென்ட் கணக்கு பேசப் போனபோது கேட்டேன், “என்ன அண்ணாச்சி, நல்ல பையனாச்சே?”

“நல்ல பையன்தான். யாரு இல்லன்னா? என் கடை தம்பி இது. இங்க யாரை வச்சுக்கிடணும்னு நான் முடிவு பண்ணக் கூடாதா? நாளைக்கு வாங்குற ஆளு ஒரு மாதிரி பேசினா நஷ்டம் எனக்குத்தானே, கவர்மென்ட்டுக்கா?”

இந்தக் கேள்வியைத் துச்சமாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு, வட்டிக்கு வாங்கி, ஷட்டரைத் தூக்குகிறவனுக்கு யாரோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கொஞ்சமாவது வேண்டாமா? அரசியலமைப்பின் 19(1)(ஜி) தொழில் செய்யும் சுதந்திரத்தை அடிப்படை உரிமையாகவே வைத்திருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு ஒருவரை வைப்பதிலும், அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து நடத்துகிற மிக்சர் கடையிலும் போய்ச் சட்டம் மூக்கை நுழைப்பது எனக்கும் ஒப்பாது. ராயபுரத்தில் ஒரு சர்ச் தன் உபதேசியாரை அதன் நம்பிக்கைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், மண்ணடியில் ஒரு பள்ளிவாசல் தன் இமாமை அப்படியே தேர்ந்தெடுக்கட்டும். பில் போடுகிறவனுக்கு என்ன மதக் கடமை இருக்கிறது?

அப்புறம், ‘என் கடை’ என்கிற வாதத்துக்கு வடசென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில், நம் ஊர்க்காரர்கள் பேச்சில் அது பின்னி மில். 1918 ஏப்ரல் 27இல் இங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட இருந்தார். 1920 கடைசியில் பூட்டிய மில்லுக்கு வெளியே தகராறு முற்றியபோது கம்பெனி நேராக ஹைகோர்ட்டுக்குப் போனது. எங்களுக்கும் எங்கள் தொழிலாளிகளுக்கும் நடுவே இருக்கிற ஒப்பந்தத்தை இவர்கள் குலைக்கிறார்கள் என்பது புகார். கோர்ட்டும் வாடியாவுக்குத் தடை போட்டது. கூலிக்கு ஆள் வைப்பது இருவருக்கு இடையிலான தனி விஷயம், மூன்றாம் ஆளுக்கு அங்கே வேலையில்லை என்று நம் அண்ணாச்சி சொன்னதையேதான் அன்று வெள்ளைக்காரக் கம்பெனியும் சொன்னது. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

முதலாளியின் சுதந்திரம் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. யாரும் கடையை மூடிவிட்டு ஓடவில்லை. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார ஸ்டூல் வைக்க வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அன்றைக்கும் ‘நின்னாத்தானே தம்பி வியாபாரம்’ என்று சொன்ன முதலாளிகள் என் வாடிக்கையாளர்களில் உண்டு. இப்போது ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். (உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை.)

சரி, இந்தப் பையனுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

முதலில் எல்லோரும் சொல்வது 2018 செப்டம்பர் 6. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து ஒரே பாலைச் சேர்ந்த வயதுவந்தவர்களின் சம்மத உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்த நாள். பெரிய தீர்ப்பு, சந்தேகமில்லை. அதனால் பையன் குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அவனுக்கு வேலை பத்திரம் என்று ஆகவில்லை. பாகுபாடு கூடாது என்கிற 14, 15(1), 16ஆம் பிரிவுகள் அரசாங்கத்தின் கையைக் கட்டுகின்றன. எம்.சி. ரோட்டுக் கல்லாவுக்கு அவை நேராக வருவதில்லை. 2019இல் உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஊர்க்காவல் படைக்காரர் தன் ஆண் துணையோடு இருந்த வீடியோ வெளிவந்ததால் வேலையிழந்தார். 2021இல் அலகாபாத் ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்து அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவருக்கு முதலாளி அரசு, அதனால் முடிந்தது. தமிழ்நாட்டிலும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகு, இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீஸ்காரர்களின் நடத்தை விதியிலேயே ஒரு வரி சேர்ந்தது. அதுவும் அரசுக்குள்தான்.

திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019இல் வந்த சட்டம் தனியார் நிறுவனத்தையும் சேர்த்தே வேலையில் பாகுபாடு கூடாது என்றது. ஒரு தனியார் பள்ளியில் வேலையிழந்து, இன்னொன்றில் வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியர் ஒருவரின் வழக்கில், சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக அரசுகளையே உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் பையன் திருநங்கை இல்லை. அவன் ஆண், ஆணை விரும்புகிறான், அவ்வளவுதான். அந்தச் சட்டத்துக்குள் அவனுக்கு இடமில்லை. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டம் பெண்களுக்கானது. கடையில் அவனைச் சீண்டியவர்களைப் பற்றிப் புகார் சொல்ல அங்கேயும் வழியில்லை. யாரை விரும்புகிறோம் என்கிற பாலின நாட்டத்தையும் சேர்த்து ஒரு பொதுவான பாகுபாடு எதிர்ப்பு மசோதாவை சசி தரூர் தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது, நிறைவேறவில்லை.

அப்போ அமெரிக்காவைப் போல ஒரு தடை வந்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது.

அங்கே 1964இன் சிவில் உரிமைச் சட்டம், வேலையில் ‘பால்’ அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. தன்பால் ஈர்ப்பாளரை நீக்குவதும் அதற்குள் வரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 15இல், ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி கோர்சுச். ஒரு ஆண் ஆணை விரும்பினால் நீக்குகிறாய், அதே ஆணை ஒரு பெண் விரும்பினால் வைத்துக்கொள்கிறாய், அப்படியென்றால் நீ பார்ப்பது பாலைத்தானே என்பது அவருடைய கணக்கு. கணக்கு கச்சிதம். வழக்காடிய மூவரில் ஜெரால்ட் போஸ்டாக் ஜார்ஜியாவில் குழந்தைகள் நலப் பணியில் இருந்தவர், தன்பால் ஈர்ப்பாளர்களின் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்த பிறகு 2013இல் வேலை போனது. தீர்ப்பு வர ஏழு வருஷம். மற்ற இருவரும் தீர்ப்பைப் பார்க்கவில்லை. டொனால்ட் ஸர்டா 2014இலேயே இறந்துவிட்டார், ஏமி ஸ்டீபன்ஸ் தீர்ப்புக்கு முந்தைய மாதம் இறந்தார்.

அங்கேயும் பதினைந்து பேருக்குக் குறைவான இடங்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அதைவிட முக்கியமானது வேறு. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் முதலாளி காரணமே சொல்லாமல் ஆளை நிறுத்தலாம். தப்பான காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, காரணமில்லாமல் நிறுத்தலாம். வாயை மூடிக்கொண்டு நிறுத்தத் தெரிந்த முதலாளிக்கு இது பெரிய கஷ்டமில்லை.

நம்மிடம் இருப்பது இதற்கு நேர்மாறு. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41: ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். தப்பு செய்தார் என்று நிறுத்தினால் விசாரணை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு உண்டு. ஒரு சின்னச் சைக்கிள் கடைக்காரர்கூட நியாயமான காரணம் காட்ட வேண்டும் என்று எழுதிவைத்த மாநிலம் இது. ஆனால் எது நியாயமில்லாத காரணம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. அமெரிக்காக்காரனிடம் தடை இருக்கிறது, காரணம் கேட்கும் வழக்கம் இல்லை. நம்மிடம் காரணம் கேட்கும் சட்டம் இருக்கிறது, தடை இல்லை.

அந்தச் சட்டத்தைத் தாண்டத்தான் பச்சை மை. ‘விலகிக்கொள்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் யாரும் யாரையும் நிறுத்தவில்லை என்று ஆகிவிடும். 41 தூங்கும். மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம்தான், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் மனு கொடுக்கலாம். பையனிடம் சொன்னேன். அவன் கேட்டான், “எதுக்கு நிறுத்துனாங்கன்னு கேப்பாங்கல்லண்ணா? நான் என்னான்னு சொல்றது? எங்கம்மாவுக்கே தெரியாதுண்ணா.”

உரிமையைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் தன்னை ஊரறியக் காட்டிக்கொள்ள வேண்டும். ஜாதிச் சான்றிதழோடு வரும் புகாரிலோ, பெண் கொடுக்கும் புகாரிலோ இந்தச் சிக்கல் இப்படி வருவதில்லை. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ், இன்னொரு ஆணோடு இருந்ததை வீட்டுக்குள் புகுந்து எடுத்த வீடியோவால் 2010 பிப்ரவரியில் சஸ்பெண்ட் ஆனார். ஏப்ரல் 1இல் ஹைகோர்ட் அவர் பக்கம் உத்தரவு போட்டது. ஏப்ரல் 7இல் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வழக்கில் ஜெயித்தவர்.

இந்த இடத்தில்தான் யாரும் அதிகம் பேசாத ஒரு சட்டம் எனக்கு ஞாபகம் வரும். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017. அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10, அந்த 377 தீர்ப்புக்கு நாலே நாள் கழித்து. தன்பால் ஈர்ப்பு என்றதும் எச்.ஐ.வி.யைப் பேசுவது ஒரு கெட்ட பழக்கம், தெரியும். நான் பார்ப்பது அந்தச் சட்டத்தின் எலும்புக்கூட்டை. தனியார் முதலாளிக்கும் அது பொருந்தும். எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால், மற்றவர்களுக்கு அவரால் பெரிய ஆபத்து என்றோ, அந்த வேலைக்கு அவர் தகுதியாக இல்லை என்றோ தகுதியுள்ள வெளி மருத்துவர் எழுதிய மதிப்பீட்டின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக் கொடுக்க ஏன் முடியவில்லை என்றும் முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. வழக்கென்று வந்தால் பெயரை மறைத்து, மூடிய அறையில் நடத்தும்படி கோர்ட் உத்தரவிடலாம். எழுதிக் கொடுக்கிற கட்டாயம், பெயரை மறைக்கிற வசதி, பையனுக்குத் தேவையான இரண்டும் நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன, வேறொருவருக்காக.

சந்தை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வாதமும் உண்டு. நல்ல ஆளை விரட்டும் முதலாளி நஷ்டப்படுவான், பக்கத்துக் கடைக்காரன் லாபப்படுவான் என்பார்கள். புத்தகத்தில் சரியாக வரும். எம்.சி. ரோட்டில் பக்கத்துக் கடைக்காரரும் இவரும் ஒரே டீக்கடையில்தான் நிற்கிறார்கள். பையன் வேலை கேட்டுப் போவதற்கு முன்னாலேயே அவன் கதை போய்ச் சேர்ந்திருக்கும். இந்தப் பக்கம் வேலை என்பதே ‘நம்ம ஏரியா பையன்’, ‘மாமா பையன்’ என்று யாராவது சொல்லிக் கிடைப்பது. சொல்ல ஆளில்லாதவனுக்குச் சந்தை எங்கே?

மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு அவன் இப்போது மாதவரம் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் காண்ட்ராக்டில் இருக்கிறான். சம்பளம் குறைச்சல். அங்கே யாருக்கும் இவன் கதை தெரியாது, தெரிந்தால் ராஜினாமா எழுதி வாங்கும் சிரமம்கூட இல்லை. காண்ட்ராக்டர் மேஸ்திரி ‘நாளைலேருந்து வராத’ என்று சொன்னால் முடிந்தது. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் ஜூன் மாதம் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக வானவில் கொடி கட்டுகிறார்கள், ஒரே பால் துணைக்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான், கிண்டல் செய்ய மாட்டேன். அந்தக் கட்டடத்துக்கு செக்யூரிட்டியாகவும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள் வேறு ஏஜென்சியின் ஆட்கள். வானவில் அவர்களின் சீருடை வரைக்கும் வருவதில்லை.

சங்கம் வருமா என்று கேட்டால், வரலாம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பழைய சங்கத் தோழரிடம் கேட்டேன். “முதல்ல கூலிப் பிரச்சனை தீரட்டும்” என்றார். 1921இல் பின்னி வேலைநிறுத்தம் உடைந்தது இப்படித்தான். ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குறை தனிக் குறையாகவே நின்றது, பலர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கூலி எல்லோருக்கும் பொது, அவமானம் மட்டும் அவரவர்க்கு என்று வைத்தால் சங்கம் எத்தனை நாள் நிற்கும்? அவரிடம் இதைச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார், பதில் சொல்லவில்லை.

என் கையில் விட்டால் பெரிய சட்டத்துக்காகக் காத்திருக்க மாட்டேன். 2021இல் ஸ்டூலுக்காகத் திறந்த அதே சட்டத்தை மறுபடி திறந்து, பிரிவு 41இல் ‘பாலின நாட்டம் நியாயமான காரணம் ஆகாது’ என்று ஒரு வரி சேர்ப்பேன். ராஜினாமாவானாலும் தொழிலாளி தன் கைப்பட எழுதியதோ, தன் போனிலிருந்து அனுப்பியதோ இல்லையென்றால் அது நீக்கமாகவே கருதப்படும் என்று இன்னொரு வரி. மேல்முறையீட்டில் பெயரை மறைக்கலாம் என்று மூன்றாவது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தை முதல் வரியிலிருந்து விட்டுவிடலாம் என்பேன், அதற்கு என் நண்பர்களே என்னைத் திட்டுவார்கள். ஈ.எஸ்.ஐ.க்கும் அந்தப் பத்துதான் கணக்கு, அதற்குமேல் இருக்கிற இடத்தை வீடு மாதிரி என்று யாரும் சொல்ல முடியாது. இதனால் பொய்ப் புகார் குவியும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இந்த ஊரில் ‘நான் அப்படிப்பட்டவன்’ என்று பொய்யாகச் சொல்லிக் காசு பார்க்கத் துணிகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

போன மாதம் சலான் விஷயமாக அண்ணாச்சியைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ இனிமே யாரையும் நிறுத்தவே முடியாதா தம்பி?”

“நிறுத்தலாம் அண்ணாச்சி. கல்லாவுல கை வச்சா நிறுத்துங்க, வேலை தெரியலன்னா நிறுத்துங்க, வியாபாரம் படுத்தா கணக்கு தீர்த்து அனுப்புங்க. எதுக்குன்னு எழுதிக் குடுத்து நிறுத்தணும்.”

“எழுதியா?” பில் புக்கை மூடி வைத்தார். “அதை என் மக படிப்பாளே. அவ வக்கீலுக்கு வேற படிக்கா.”

“அப்போ எழுதியிருக்க மாட்டீங்க?”

“எழுதியிருக்க மாட்டேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “வேற செக்ஷனுக்கு மாத்தியிருப்பேன், மேல கோடவுன்ல. அங்க வாங்குற ஆளு யாரும் வரமாட்டான்.”

அதுவும் பாகுபாடுதான். ஆனால் பையனுக்குச் சம்பளம் வந்திருக்கும், பி.எஃப். ஓடியிருக்கும், அடுத்ததை அங்கே இருந்துகொண்டே கேட்டிருக்கலாம்.